வங்கி பிடித்த காசு திரும்ப வருமா? ஓம்பட்ஸ்மேனும் மும்பை நுகர்வோர் ஆணையமும்

சேமிப்புக் கணக்கிலிருந்து 590 ரூபாய் காணாமல் போனால் மும்பையில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கேட்கத் தெரியாமல் இல்லை, எங்கே போய்க் கேட்பது என்று தெரியாததுதான் காரணம். ஸ்மால் காஸஸ் கோர்ட் (சிறு வழக்கு நீதிமன்றம்) என்ற பெயரை நம்பி தோபி தலாவுக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே நடப்பவை பெரும்பாலும் வாடகை, குடியிருப்பு வழக்குகள். வங்கிக் கட்டணத்துக்கு உண்மையில் உதவுபவை இரண்டு: வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேன், மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டும் சாமானியருக்கு எவ்வளவு பயன்படுகின்றன, எங்கே காலை வாருகின்றன என்பதே இந்த மதிப்பீடு.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சில ஆயிரம் ரூபாய் வரை ஓம்பட்ஸ்மேன் போதும், செலவே இல்லை. தொகை பெரிதாக இருந்தாலோ, வங்கியின் செயலால் வேறு நஷ்டமும் வந்திருந்தாலோதான் ஆணையம். வரிசையை மாற்றினால் கஷ்டம். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் எடுக்கமாட்டார். ஓம்பட்ஸ்மேன் கைவிட்ட பிறகு ஆணையத்துக்குப் போகத் தடையில்லை.

எந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்? "ரொம்ப அதிகம்" என்ற வாதம் எடுபடாது. எவ்வளவு வசூலிப்பது என்பது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். ரிசர்வ் வங்கி விதியை மீறிப் பிடித்தது என்று காட்ட வேண்டும். வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு இடத்தில்தான் முடிவாகின்றன.

மினிமம் பேலன்ஸ் அபராதத்தையே எடுத்துக்கொள்வோம். 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்து, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் தெளிவானவை. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும். அதன் பிறகும் குறைந்திருந்தால் மட்டுமே கட்டணம். அந்தக் கட்டணமும் எவ்வளவு குறைகிறதோ அதற்குத் தக்க விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. சராசரி மாத இருப்பு 10,000 வேண்டும், உங்களிடம் இருந்தது 8,000. குறைவு 2,000. வங்கியின் கட்டணப் பட்டியலில் குறைவுத் தொகையில் 6 சதவீதம் என்று இருந்தால் 120 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 141.60. ஆனால் 500 ரூபாயும் ஜிஎஸ்டி 90 ரூபாயும் பிடித்திருந்தால் 448.40 ரூபாய் கூடுதல். முன்னறிவிப்பே வரவில்லை என்றால் முழு 590 ரூபாயையும் கேட்கலாம். ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கேளுங்கள்; பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கணக்குப் போடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சராசரி இருப்பு என்பது ஒவ்வொரு நாள் முடிவிலும் இருந்த தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பது. 30 நாள் மாதத்தில் 1 லட்சம் ரூபாய் மூன்று நாள் மட்டும் கிடந்து, மீதி நாட்கள் கணக்கு காலியாக இருந்தாலும் சராசரி 10,000 வந்துவிடும். ஸ்டேட்மென்ட்டை வைத்து நாள்வாரியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தத் தாளே உங்கள் முதல் சான்று.

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பகுதிகளில் பலருக்கும் ஊரில் ஒரு பழைய கணக்கு இருக்கும், திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ. நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு ஆண்டு கடந்தால் அது செயல்படாத கணக்கு. அதில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது, மீண்டும் உயிர்ப்பிக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸே கிடையாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறோம். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், அந்த நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தனிநபர் பெயரில் உள்ள, மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. கிரெடிட் கார்டை மூடச் சொல்லி, பாக்கி எதுவும் இல்லாமல் ஏழு வேலை நாட்களில் மூடவில்லை என்றால் நாளுக்கு 500 ரூபாய். கேட்காத கார்டை அனுப்பி அதற்குக் கட்டணமும் போட்டால், கட்டணத்தை ரத்து செய்வதோடு அதன் இரு மடங்கையும் தர வேண்டும். கையெழுத்து வாங்காமல் கழிக்கப்படும் 20 ரூபாய், 436 ரூபாய் காப்பீட்டு பிரீமியங்களுக்கும் சம்மதப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அதை வங்கியால் காட்ட முடியாவிட்டால் உங்கள் வாதம் வலுவாக நிற்கும்.

பழைய சுற்றறிக்கை எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 2025 இறுதியில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளைத் தொகுத்துப் புதிய வழிகாட்டுதல்களாக வெளியிட்டது. பணம் பிடித்த தேதியில் எந்த விதி அமலில் இருந்ததோ அதைச் சொல்லுங்கள்.

முதல் படி வங்கிக்கு எழுதுவது. கிளையில் வாய்ச்சண்டை போட்டது புகாராகாது. கிளைக்கும், வங்கியின் இணையதளத்தில் உள்ள குறைதீர் அதிகாரிக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நான்கு வரி போதும்: "இந்தத் தேதியில் என் கணக்கிலிருந்து கட்டணம் இவ்வளவு, ஜிஎஸ்டி இவ்வளவு, ஆக இவ்வளவு ரூபாய் பிடிக்கப்பட்டது. இதற்கு ஒரு மாதம் முன் அறிவிப்பு வரவில்லை. அனுப்பியிருந்தால் தேதியும், எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள் என்பதும் தெரிவிக்கவும். இல்லையேல் முழுத் தொகையையும் திருப்பித் தரவும்." அறிவிப்புக்கான சான்றைக் கேட்கும் அந்த மூன்றாம் வரிதான் முக்கியம். பழைய மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ் போயிருந்தால் அதுவும் அப்போதே வெளியே வரும்.

30 நாள் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, திருப்தியில்லாவிட்டாலோ ஓம்பட்ஸ்மேன். பெரிய வங்கி உங்கள் புகாரை முழுவதுமாகவோ ஓரளவோ நிராகரிக்கும் முன் புகார்களை மறுபரிசீலிக்க வங்கிக்குள்ளேயே இருக்கும் உள் ஓம்பட்ஸ்மேனிடம் அதை அனுப்பியாக வேண்டும். மறுப்புக் கடிதத்தில் அப்படி ஒரு பரிசீலனை நடந்ததற்கான குறிப்பே இல்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

2021 நவம்பர் 12 முதல் வங்கி, நிதி நிறுவனம், டிஜிட்டல் பணம் எல்லாவற்றுக்கும் ஒரே ஓம்பட்ஸ்மேன் திட்டம். ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ் இணையதளத்தில் மொபைல் ஓடிபியுடன் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். வக்கீல் மூலம் போட்டால் ஏற்கவே மாட்டார்கள். சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம் என்பது மாட்டுங்காவிலும் முலுண்டிலும்கூடப் பலருக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கு இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான். 14448 என்ற எண்ணில் தமிழிலும் விளக்கம் கேட்கலாம்.

இணையதளத்தின் குறை, அதன் ஆரம்பக் கேள்விகள். வங்கியிடம் முதலில் புகார் செய்தீர்களா, என்றைக்கு, நீதிமன்றத்தில் வழக்கு உண்டா என்று வரிசையாகக் கேட்கும். அவசரத்தில் ஒன்றைத் தவறாக அழுத்தினால் ஏற்கத்தக்கதல்ல என்று அங்கேயே முடிந்துவிடும், அதற்கு மேல்முறையீடும் இல்லை. 29ஆம் நாளில் போடுகிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓம்பட்ஸ்மேனிடம் போகவும் கெடு உண்டு. கடைசி வரை இழுக்காமல் 31ஆம் நாளே போட்டுவிடுவது நல்லது.

ஏற்றுக்கொண்டால் வங்கி 15 நாட்களில் பதில் தர வேண்டும். சிறு கட்டணங்களில் பல வங்கிகள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன. "தீர்ந்தது" என்று ஒப்புக்கொள்ளும் முன் ஜிஎஸ்டி உட்பட முழுத் தொகையும் வந்ததா என்று பாருங்கள். ஓம்பட்ஸ்மேன் உத்தரவே போட்டால், 30 நாட்களுக்குள் முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உத்தரவு காலாவதியாகிவிடும்.

இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்பவை பத்பேடிகள். தாராவியில் பலரின் சேமிப்பு இந்தக் கடன் சங்கங்களில்தான் இருக்கிறது. அவை ரிசர்வ் வங்கியின் கீழ் வராததால் ஓம்பட்ஸ்மேன் கை விரிப்பார். அவர்களுக்குக் கூட்டுறவுப் பதிவாளரும் நுகர்வோர் ஆணையமும்தான் வழி.

இனி ஆணையம். மும்பை நகர மாவட்டத்துக்குப் பரேல், புறநகருக்கு பாந்த்ரா கிழக்கு. தாராவி, மாட்டுங்கா, சயான், வடாலா நகரத்தில் வரும். செம்பூர், முலுண்ட், மான்குர்த், கோரேகான் புறநகர். டோம்பிவிலி, கல்யாண் தானே மாவட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட உரிமை தருகிறது. கணக்கு ஊரில் இருந்தாலும் மும்பையில் போடலாம், இதற்காக ரயில் ஏற வேண்டியதில்லை.

சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் உள்ள இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம். தேவையானவை: புகார் மனு, தேதிவாரிச் சுருக்கம், நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், ஸ்டேட்மென்ட், வங்கிக்கு எழுதிய கடிதங்கள், அடையாளச் சான்று. எதிர்மனுதாரராக வங்கியின் பதிவு அலுவலகத்தையும் கிளை மேலாளரையும் பதவிப் பெயரால் குறிப்பிடுங்கள். மேலாளரின் சொந்தப் பெயர் வேண்டாம், அவர் மாற்றலாகிப் போய்விடுவார். ரிசர்வ் வங்கியைச் சேர்க்கத் தேவையில்லை. நோட்டீஸ் சேர்ப்பிக்கும் வேலைதான் கூடும். காகித நகல்களும் கேட்கலாம் என்பதால் பக்க எண் போட்டுப் பல செட் தயாராக வைத்திருங்கள். தமிழில் உள்ள கடிதங்களுக்கு ஆங்கிலம் அல்லது மராத்தி மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

தொழில் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோல் பட்டறையோ இட்லி மாவுக் கடையோ நடத்தும் கரன்ட் அக்கவுன்ட் என்றால், "வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல" என்பதுதான் வங்கி வக்கீலின் முதல் வாதமாக இருக்கும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறேன் என்று மனுவிலேயே வெளிப்படையாக எழுதுங்கள், பின்னால் சேர்ப்பது கடினம். மேலே சொன்ன மினிமம் பேலன்ஸ் விதிகள் சேமிப்புக் கணக்குக்கு மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். ஓம்பட்ஸ்மேனிடம் இந்த "நுகர்வோரா" என்ற கேள்வி எழாது.

ஆணையத்தின் பெரிய குறை காலம்தான். நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடும். ஒவ்வொரு வாய்தாவும் அரை நாள் கூலி. 590 ரூபாய்க்கு இது கட்டுப்படியாகாது. வீட்டுக் கடனில் 20,000 ரூபாய் அபராதம், சம்மதமில்லாத காப்பீட்டுப் பிரீமியம், தவறான கார்டு பாக்கியால் சிபில் மதிப்பெண் கெட்டு வேறு கடன் மறுக்கப்பட்டது, இவற்றுக்கு ஆணையம்தான் சரியான இடம். திருப்பித் தரவேண்டிய தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்காததைத் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

உங்களுக்குச் சாதகமான கடுமையான விதியும் ஒன்று இருக்கிறது. வங்கி 30 நாட்களில் பதில் மனு போட வேண்டும், கூடுதலாக 15 நாள் வரை அனுமதிக்கலாம். அந்த 45 நாட்களுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. நோட்டீஸ் சேர்ந்த தேதிக்கான தபால் சான்றை எடுத்து வைத்து, கெடு முடிந்ததும் பதில் மனுவை ஏற்கக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அந்தத் தேதி சத்தமில்லாமல் கடந்துபோகும்.

காலக்கெடு உங்களுக்கும் உண்டு: பணம் பிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. ஓம்பட்ஸ்மேனிடம் போன மாதங்கள் கழியும் என்று எண்ணாதீர்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம், ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டும்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலோடு உங்கள் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் எழுதி வங்கிக்கு அனுப்புங்கள். வங்கி மேல்முறையீடு செய்ய 45 நாள். அதற்கும் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். அதுவும் இல்லை, பணமும் இல்லை என்றால் அதே ஆணையத்தில் 71, 72 பிரிவுகளின்படி அமலாக்க மனு போடுங்கள். 72ஆம் பிரிவில் சிறைத் தண்டனைக்கும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதத்துக்கும் இடம் உண்டு.