பதவியில் இருப்பவரைப் படமாக்க: நிஜப் பெயரா, மாற்றுப் பெயரா?

நிஜப் பெயரோடு வந்தது ‘பி.எம். நரேந்திர மோடி’. 2019 ஏப்ரல் 11-ல் வரவேண்டிய படம். முந்தின நாள் தேர்தல் ஆணையம் நிறுத்திவிட்டது. வாக்கு எண்ணிய மறுநாள், மே 24-ல்தான் திரைக்கு வந்தது. நாற்காலியில் இருப்பவர் பெயரைப் போட்டுவிட்டால் குறை சொல்ல யாருக்குக் கை வரும்?

‘இருவர்’ 1997 பொங்கலுக்கு வந்தபோது கலைஞர்தான் முதல்வர். திரையில் அவர் பெயர் இல்லை, தமிழ்ச்செல்வன். திருக்குவளை, திருவாரூர்ப் பக்கத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரகாஷ்ராஜ் மேடையில் அடுக்குமொழி பேச ஆரம்பித்ததுமே, "நம்ம ஊர்க்காரருல்ல?" என்று முழங்கையால் இடிப்பார்கள். பெயரை மாற்றியதால் எம்.ஜி.ஆருடன் அவருக்கு இருந்த நட்போடு விரிசலையும் காட்ட முடிந்தது. தணிக்கையில் வெட்டு வாங்கியது வேறு கதை.

என் ஓட்டு தமிழ்ச்செல்வனுக்கே.