பெருஜாவா, சியெனாவா? இத்தாலியில் ஒரு கோடை மாதம்

கோடையில் ஒரு மாதம் இத்தாலிக்குப் போய் மொழியும் கலையும் படிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது ஃப்ளாரன்ஸைத்தான். உஃபீட்ஸி ஓவியக்கூடம் அங்கே, மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை அங்கே, புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம் அங்கே. ஆசை நியாயமானது. ஆனால் மொழிக்காகப் போகிறவருக்கு அந்த ஊரை நான் சொல்ல மாட்டேன். ஜூலைக் கூட்டத்தில் தட்டுத் தடுமாறி இத்தாலியனில் காபி கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வந்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, பின்னால் வரிசை நிற்கிறது. காலையில் வகுப்பில் படித்ததை மாலையில் பேசிப் பார்க்க ஆள் கிடைக்காவிட்டால் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? ஆற்றுப் பள்ளத்தாக்கின் புழுக்கம் வேறு.

ஆக, உண்மையான போட்டி இரண்டு மலையூர்களுக்குள்தான்: உம்ப்ரியா மாநிலத்தின் பெருஜா, டஸ்கனி மாநிலத்தின் சியெனா. இரண்டிலும் வெளிநாட்டவருக்கென்றே அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெருஜாவின் தேர்வுக்கு செலி என்றும் சியெனாவின் தேர்வுக்கு சில்ஸ் என்றும் பெயர். இரண்டு சான்றிதழ்களையும் இத்தாலிய அரசு ஏற்கிறது, அதனால் சான்றிதழை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

பெருஜாவில் வெளிநாட்டவருக்கான பாடங்கள் 1921-இல் தொடங்கின. பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டு மாளிகை. வாசலுக்கு வந்தால் எதிரே ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்து நகர வாயில், வயது 2,000 ஆண்டுக்கு மேல். இந்த ஊரின் பெரிய பலம் உடன் படிப்பவர்கள். வெவ்வேறு நாட்டுக்காரர்கள் ஒரு மேசையில் உட்காரும்போது எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுவது அரைகுறை இத்தாலியன்தான். எதிரில் இருப்பவரும் தடுமாறுவதால் கூச்சம் சீக்கிரம் போய்விடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கலைக்கும் குறைவில்லை: ஊர் நடுவே உம்ப்ரியாவின் தேசிய ஓவியக்கூடத்தில் பெருஜீனோவின் படங்கள் இருக்கின்றன, ரயிலில் அரை மணி நேரத்துக்குள் அசிசி, அதன் பேராலயச் சுவரோவியங்கள். ஒரே சிக்கல், ஜூலையில் நடக்கும் உம்ப்ரியா ஜாஸ் விழா. அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும்.

சியெனா வேறு விதமான ஊர். அங்கே அந்நியராகத்தான் நுழைய வேண்டும். ஊர் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. கொன்த்ராதா என்பார்கள். ஆமைப் பேட்டை, நத்தைப் பேட்டை, கம்பளிப்புழுப் பேட்டை என்று ஒவ்வொன்றுக்கும் கொடியும் கோயிலும் உண்டு, பலவற்றுக்கு ஜென்மப் பகையும் உண்டு. ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் நடுச்சதுக்கத்தில் மண் கொட்டி பாலியோ குதிரைப் பந்தயம் விடுவார்கள். ஓடுவது 10 பேட்டைகளின் குதிரைகள், மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். வீரர் கீழே விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான். பந்தயத்துக்கு முந்தைய இரவு தெருவில் மேசை போட்டு பேட்டையே விருந்துண்ணும். அங்கே ஓர் இடம் வாங்கி உட்கார்ந்தால் எந்தப் பாடநூலிலும் இல்லாத இத்தாலியன் காதில் விழும்.

அந்தப் பேச்சில் தமிழர்க்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. டஸ்கனிக்காரர் வாயில் ககரம் உயிரொலிகளுக்கு நடுவே வந்தால் ஹகரமாக இளகிவிடும். வீட்டைக் குறிக்கும் ‘லா காசா’ அங்கே ‘லா ஹாசா’, ‘உனா கோகா கோலா’ என்பது ‘உனா ஹோஹா ஹோலா’. மற்றவர்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். நமக்கோ ‘கல்’லில் அழுத்தும் ககரம் ‘மகன்’, ‘பகல்’ என்னும்போது தானாக இளகுகிறது, ‘பக்கம்’ என்று இரட்டித்தால் கெட்டியாகிறது. அங்கும் அப்படியேதான், வாயைக் குறிக்கும் ‘பொக்கா’ இளகுவதில்லை. ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இந்த வேறுபாட்டோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். கனியையும் கன்னியையும் பிரித்துச் சொல்லும் நாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஓவியத்துக்காகப் போகிறவர் என்றாலும் சியெனாவையே சொல்வேன். நகர மன்றத்து மாளிகையில் அம்ப்ரோஜியோ லொரென்ஸெட்டி 1338–39-இல் தீட்டிய நல்லாட்சி, தீயாட்சிச் சுவரோவியங்கள் இருக்கின்றன. நல்லாட்சி நகரத்தில் செருப்புக் கடையும் வகுப்பறையும் வீடு கட்டும் வேலையும் நடக்க, பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். நகரை ஆண்டவர்கள் அந்தச் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் முடிவெடுத்தார்கள்.

என் கணக்கு இது: இத்தாலியனில் ஒரு சொல்லும் தெரியாதவர் பெருஜாவுக்குப் போகட்டும். இறந்தகாலத்தில் ஒரு கதை சொல்லும் அளவுக்குத் தேறியவர் சியெனாவுக்கு. ஃப்ளாரன்ஸுக்கு இரண்டு ஊரிலிருந்தும் ஒரே நாளில் போய் வரலாம். மாதத்தின் முதல் ஞாயிறன்று உஃபீட்ஸிக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கூட்டம் அள்ளும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சியெனா என்று முடிவானால் ஆகஸ்ட் பாடத்தில் சேர்ந்து பாலியோவையும் பாருங்கள். சதுக்கத்தின் நடுவே நின்று பார்க்கக் காசு இல்லை, ஆனால் வழியை அடைத்த பிறகு பந்தயம் முடியும்வரை வெளியே வர முடியாது. தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.