கழற்றி எடுத்துச் செல்லும் டேட்டாஸ்டோர்: ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர், ஒரு மதிப்புரை

ஒரே கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை (மெய்நிகர் கணினிகளை) இயக்கும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு பேக்கப் எடுத்துச் சேமிக்கும் மென்பொருள்தான் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். அதன் முதல் நிலையான பதிப்பு 2020 நவம்பரில் வெளிவந்தது. ஆனால், ஒன்றோடொன்று எந்த இணைப்பும் இல்லாத இரண்டு சர்வர் அமைப்புகளுக்கு இடையே பேக்கப்பைக் கொண்டுசெல்ல வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு அது முழுமையாகப் பயன்படத் தொடங்கியது 2024 நவம்பரில் வந்த 3.3 பதிப்பிலிருந்துதான். கழற்றக்கூடிய யூஎஸ்பி டிஸ்க்கையே ஒரு டேட்டாஸ்டோராக (பேக்கப்புகளைச் சேமிக்கும் இடமாக) அமைத்துக்கொள்ளும் வசதி அந்தப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. இந்த மதிப்புரை அந்த வசதியைப் பற்றியது மட்டுமே.

நான் பராமரிக்கும் இரண்டு கிளஸ்டர்களில் (சேர்ந்தியங்கும் சர்வர் தொகுப்புகளில்) ஒன்று நாகர்கோவிலிலும் மற்றொன்று குலசேகரத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே விபிஎன் (இணையத்தின் வழியே அமைக்கும் தனி இணைப்பு) கூட வைக்கவில்லை. ஓர் இடத்தில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்) நுழைந்தால் அது மற்ற இடத்தின் பேக்கப்பைத் தொடக்கூடாது என்பதே காரணம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்களும் ரப்பர் மரங்களும் சாய்ந்து மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, நகல் ஒன்று வேறோர் ஊரில் இருக்க வேண்டியதன் அவசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. எனவே அண்ணா பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி, தக்கலை வழியாக டிஸ்க்கைக் கையில் கொண்டுபோவதே எங்கள் ஏற்பாடு.

இம்மென்பொருள் விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கை 4 எம்ஐபி (ஏறத்தாழ 4 எம்பி) அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற, கைரேகை போன்ற அடையாள எண்ணைக் கணக்கிட்டு, ஒரே உள்ளடக்கமுள்ள துண்டை ஒருமுறை மட்டுமே சேமிக்கிறது. ஆகவே, டிஸ்க்கைச் செருகி சிங்க் ஜாபை (ஒரு டேட்டாஸ்டோரில் உள்ள நகல்களை இன்னொன்றுக்குச் சேர்க்கும் வேலையை) ஓட்டினால், அதில் ஏற்கெனவே இல்லாத துண்டுகள் மட்டுமே எழுதப்படுகின்றன. முதல் முறை நீண்ட நேரம் பிடித்தாலும் அடுத்தடுத்த முறைகள் விரைவாக முடிந்துவிடுகின்றன. டேட்டாஸ்டோர் கோப்புறையைச் சாதாரணமாக காப்பி செய்தால் இந்தப் பலன் கிடைக்காது. லட்சக்கணக்கான சிறு கோப்புகளை நகர்த்துவதற்குள் ஹார்ட் டிஸ்க் திணறிவிடும். டிஸ்க்கைப் பிடுங்கும் முன் திரையில் அன்மவுண்ட் (பாதுகாப்பாகக் கழற்றும் கட்டளை) கொடுப்பதும், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருமுறை வெரிஃபை ஓட்டுவதும் கட்டாயம். பஸ் குலுக்கலுக்குப் பிறகு எல்லாத் துண்டும் சரியாக இருக்கிறதா என்பதை வெரிஃபை சொல்லிவிடும்.

இந்த வசதியைப் பயன்படுத்த நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது நேம்ஸ்பேஸ் (டேட்டாஸ்டோருக்குள் நகல்களைப் பெயரிட்டுப் பிரிக்கும் உட்பிரிவு) பற்றித்தான். ப்ராக்ஸ்மாக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களின் எண் இயல்பாக 100 இலிருந்து தொடங்குவதால், தொடர்பே இல்லாத இரண்டு கிளஸ்டர்களிலும் ஒரு 100 இருக்கும். நாகர்கோவிலில் அது கணக்கு சர்வர், குலசேகரத்தில் அது கேமரா பதிவு சர்வர். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் ஒரே இடத்தில் வைத்தால், மென்பொருளின் கண்ணுக்கு இரண்டும் ஒரே மெஷினின் வெவ்வேறு நாள் நகல்களாகத் தெரியும். பழைய நகல்களைக் களையும் ப்ரூன் வேலை ஓடும்போது யாருடைய நகல் போகும் என்று சொல்ல முடியாது. 2.2 பதிப்பில் அறிமுகமான நேம்ஸ்பேஸ் வழியாக ஊருக்கு ஒரு பெயர் கொடுத்துப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது; பிரித்த பிறகும் ஒரே துண்டை ஒருமுறை மட்டும் சேமிக்கும் சிக்கனம் டேட்டாஸ்டோர் முழுவதற்கும் அப்படியே தொடர்கிறது என்பது இதன் அழகு.

பையில் வைத்து எடுத்துச் செல்லும் டிஸ்க் தொலையக்கூடியது என்பதால் என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறைகுறியாக்குவது) இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். அந்த வேலை அனுப்பும் பக்கத்திலேயே நடந்துவிடுவதால், பேக்கப் சர்வரிடமோ டிஸ்க்கிலோ சாவி இருப்பதில்லை. அந்தச் சாவியை மறுமுனைக்கு முன்கூட்டியே தனியாகச் சேர்த்துவிட வேண்டும். சாவியைக் க்யூஆர் குறியீட்டுடன் தாளில் அச்சிட்டுக்கொள்ள வழி தந்திருக்கிறார்கள். குலசேகரம் அலுவலகத்துப் பீரோவில் அந்தத் தாள் இருக்கிறது. அது இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ள எதையும் திறக்க முடியாது.

மீட்டெடுப்பு எளிதுதான், ஆனால் மறுமுனையின் சூழல் வேறு என்பதை மென்பொருள் உங்களுக்காக நினைவில் வைத்துக்கொள்ளாது. ரீஸ்டோர் செய்யும்போது புதிய எண் கொடுத்து, ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுத்து, மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) மாறுவதற்கான யூனிக் கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். மெஷினை நெட்வொர்க்குடன் இணைக்கும் நெட்வொர்க் பிரிட்ஜின் பெயர் அங்கே வேறாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மெஷினின் விர்ச்சுவல் சிடி டிரைவில் எப்போதோ செருகி மறந்துபோன ஐஎஸ்ஓ கோப்பு (சிடியின் நகல்) புதிய இடத்தில் இல்லாவிட்டால் மெஷின் எழும்பவே எழும்பாது; அதைக் கழற்றிவிட்டால் உடனே எழும்பும். இத்தனை சிறிய விஷயம், அவசர நேரத்தில் எவ்வளவு பதற வைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வெரிஃபையும் கார்பேஜ் கலெக்ஷனும் (எந்த நகலுக்கும் தேவைப்படாத துண்டுகளை நீக்கும் வேலை) மெதுவாகவே நகர்கின்றன. கையில் பணம் இருந்தால் எஸ்எஸ்டி வாங்குவதே நல்லது. பழைய நகலை அழித்தவுடன் இடம் காலியாவதில்லை; கார்பேஜ் கலெக்ஷன் ஓடினால்தான் காலியாகும், அதுவும் இயல்பு அமைப்பில், கடைசியாகப் பயன்பட்டு 24 மணி நேரத்துக்கு மேல் ஆன துண்டுகளை மட்டுமே அது நீக்கும். ஆகவே வெளியூர் புறப்படும் காலையில் டிஸ்க் நிறைந்திருப்பதைப் பார்த்து இடம் உண்டாக்கலாம் என்று நினைப்பவருக்கு இது உதவாது. மென்பொருள் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சந்தா இல்லாவிட்டால் உள்ளே நுழையும்போதெல்லாம் ஓர் அறிவிப்பு வரும், அது பெரிய தொல்லை இல்லை.

ஒரே ஒரு மெஷினை ஒரே ஒருமுறை வேறிடத்துக்கு மாற்றுவதற்கு இத்தனை ஏற்பாடும் மிகை. அதற்கு ப்ராக்ஸ்மாக்ஸிலேயே உள்ள விஇசட்டம்ப் (vzdump) என்ற பேக்கப் கருவி போதும்: முழு மெஷினும் ஒரே கோப்பாக வந்துவிடும், மறுமுனையில் பேக்கப் சர்வர் தேவையில்லை. டிஸ்க் மட்டும் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டதாக இருக்கக் கூடாது. 4 ஜிபி அளவை எட்டியதும் கோப்பு எழுதுவது நின்றுவிடும்.