மில்லிங் மெஷினுக்கு பால் ஸ்க்ரூ: 1605ஆ, 2005ஆ, 2505ஆ?

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் சின்ன பட்டறை வச்சிருக்கறவங்க பழைய பெஞ்ச் மில்லிங் மெஷின சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்) ஆக்கணும்னு இறங்குனா, டேபிள நகத்தற பால் ஸ்க்ரூவ (நட்டுக்குள்ள இரும்பு குண்டுங்க உருள்ற ஸ்க்ரூ) தடியா போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்னு நேரா 2505 வாங்கப் போயிடுறாங்க. (நம்பர்ல மொத ரெண்டு எண் ஸ்க்ரூவோட விட்டம், அடுத்த ரெண்டு ஒரு சுத்துக்கு நகர்ற தூரம், ரெண்டும் எம்எம்ல.) எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல, டேபிள் பயணம் அரை மீட்டர் சுமாருக்கு இருக்கற மெஷின்னா என் ஓட்டு 2005க்குத்தான்.

மொதல்ல எடத்த பாருங்க. பொதுவா கெடைக்கற சிங்கிள் நட்டுல 1605க்கு உடம்பு விட்டம் 28 எம்எம், பிளேஞ்ச் (போல்ட் போடற வெளிவட்டம்) 48. 2005க்கு 36, 58. 2505க்கு 40, 62. டேபிள கழட்டிட்டு சாடிலுக்கும் (டேபிள தாங்கற பாகம்) டேபிளுக்கும் நடுவுல வெர்னியர் வச்சுப் பாத்தா பல சின்ன மெஷின்ல 40 எம்எம் உள்ள போகாது, காஸ்டிங்க கொடையணும், கொடைஞ்சா சாடில் பலம் போயிடும், அப்புறம் ஸ்க்ரூ எவ்ளோ தடியா இருந்து என்ன பிரயோஜனம்? ஒய் பக்கம் (முன்னும் பின்னும் நகர்ற அச்சு) 36ஏ நுழையலன்னா அங்க மட்டும் தயங்காம 1605 போடுங்க.

அடுத்தது மோட்டார். 16லேந்து 25க்கு போனா ஸ்க்ரூவோட விறைப்பு ரெண்டரை மடங்கு ஏறுது சரி, ஆனா அத சுத்தி கெளப்பறதுக்கான இனர்ஷியா கிட்டத்தட்ட 6 மடங்கு ஏறுது, ஏன்னா அது விட்டத்தோட நாலாவது பவர்ல போகும். நீமா 23 சைஸ் ஸ்டெப்பர் (படிப்படியா சுத்தற மோட்டார்) வச்சிருந்தா ரேப்பிட்ல (வெட்டாம வேகமா நகர்றப்ப) ஸ்டெப் விட்டுட்டு நிக்கும். 20ன்னா இந்த கணக்கு ரெண்டரை மடங்குக்குள்ள அடங்கிடும். ஸ்க்ரூ வேகத்துல ஆடும்னு பயப்படறாங்க, 600 எம்எம் நீளத்துக்கு 16ஏ தாங்கும், அந்த பிரச்சனையெல்லாம் ஒரு மீட்டர தாண்டுனாதான்.

தடிமன் கூடுனா அக்யூரசி கூடும்னு நெனக்கறதும் தப்பு. சி7, சி5ங்கறது ஸ்க்ரூவோட துல்லிய கிரேடு. சி7ன்னா எந்த சைஸா இருந்தாலும் 300 எம்எம்முக்கு 0.05 எம்எம் வரைக்கும் விலகலாம், சி5ன்னா 0.018. 25க்கு குடுக்கற காச சி5க்கோ, ப்ரீலோட் போட்ட (ஆட்டமில்லாம இறுக்குன) டபுள் நட்டுக்கோ, ஸ்க்ரூ முனைய தாங்கற நல்ல பிகே15 பேரிங் சப்போர்ட்டுக்கோ போடுங்க, அக்யூரசி ஏறறதும் பேக்லாஷ் (திசை மாறறப்ப வர்ற ஆட்டம்) கொறையறதும் அங்கதான்.

2010 வேகமா ஓடும்னு சொல்லுவாங்க. மரம் வெட்டற ரவுட்டருக்கு அது ஓகே. இரும்பு வெட்டணும்னா அதே மோட்டார்ல தள்ளற பலம் பாதியாயிடும், 200 ஸ்டெப் மோட்டார்ல ஒரு ஸ்டெப்புக்கு 0.025 நகர வேண்டியது 0.05 நகரும். வேணாம்.

இசட்ல (தலை மேலயும் கீழயும் போற அச்சு) எந்த சைஸ் போட்டாலும் பிரேக் உள்ள மோட்டாரோ கவுண்டர் வெயிட்டோ கட்டாயம், பழைய நூல் ஸ்க்ரூ மாதிரி இது தானா நிக்காது, கரண்ட் போனா தலை எறங்கிடும்.

லிங்கி செட்டி தெருவுல வாங்கறப்ப நட்ட வெரலால மெதுவா ஒரு முனையிலேந்து மறு முனை வரைக்கும் உருட்டிப் பாருங்க, எங்கயாவது மணல் மாதிரி நறநறன்னா எடுக்காதீங்க. நட்ட வெளிய கழட்டிடாதீங்க, ஸ்லீவ் (நட்டுக்குள்ள விடற குழாய்) இல்லாம கழட்டுனா உள்ள இருக்கற குண்டெல்லாம் கொட்டிடும். திருவொத்தியூர், காசிமேடு பக்கம் உப்புக்காத்துன்னா வாங்கிட்டு வந்த அன்னிக்கே ஆயில் தடவி கவர்ல சுத்தி வச்சிடுங்க, இது ஸ்டெயின்லெஸ் கெடையாது.