எக்ஸ்அரே: வேலை சுத்தம், வாய்தான் திறப்பதில்லை

1801 வரிசைகள் 361 ஆகச் சுருங்கிய கதையைச் சொல்லாமல் எக்ஸ்அரே என்ற இந்தப் பைத்தான் நூலகத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. ஆனாலும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு ஆண்டுகளாக என் வேலையில் பாதியை இதுதான் செய்கிறது.

காலநிலையைக் கணினியில் போலச்செய்யும் மாதிரிகள் கொட்டும் தரவை அலசுவது என் பிழைப்பு. மாதிரிகளில் பெரும்பாலானவை இன்றும் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில்தான் ஓடுகின்றன. நானும் அங்கிருந்து வந்தவன்தான். வெப்பநிலைத் தரவு என்றால் நேரம், உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று நான்கு அச்சுகள். எது எத்தனையாவது என்பதை நான்தான் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பைத்தானுக்கும் அதன் எண் கணக்கு நூலகமான நம்பைக்கும் மாறிய பிறகு எண்ணிக்கை 0இல் தொடங்கியது, வரிசை தலைகீழானது, தலைவலி மட்டும் அப்படியே இருந்தது. அச்சு எண்ணில் ஒன்று பிசகினாலும் நிரல் ஓடும், விடையும் வரும். நேரத்துக்கான சராசரி என்று நினைத்துக்கொண்டு உயர மட்டங்களின் சராசரியை ஒரு வாரம் வரைபடமாகப் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

எக்ஸ்அரேயில் அச்சைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ‘நேரம்’ என்று சொன்னால் நேரத்துக்கு எடுத்துத் தரும். அது முதலில் இருந்தால் என்ன, கடைசியில் இருந்தால் என்ன? காலநிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் வகைக் கோப்பு தன் அச்சுகளின் பெயரையும் அளவையும் கூடவே வைத்திருக்கும். அந்த அமைப்பை அப்படியே கணினியின் நினைவகத்துக்குள் கொண்டுவந்ததுதான் இதன் சாமர்த்தியம். ஸ்டீபன் ஹோயர் 2014இல் வெளியிட்டபோது இதற்கு எக்ஸ்ரே என்று பெயர். 2016இல்தான் எக்ஸ்அரே ஆனது. தமிழில் தட்டச்சு செய்யும்போது ஓர் ‘அ’ விட்டுப்போனால் பழைய பெயர் திரும்ப வந்து நிற்கிறது.

மாதவாரிச் சராசரியிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகியது என்று கணக்கிட ஃபோர்ட்ரானில் ஒரு நிரல் வைத்திருந்தேன். அதில் மூன்றில் ஒரு பங்கு லீப் ஆண்டைப் பார்ப்பதற்கே போய்விடும். இங்கே இரண்டு வரி போதும். சில மாதிரிகளில் மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள். ‘பிப்ரவரி 30’ என்ற தேதியை முதல்முறை பார்த்தபோது கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். எக்ஸ்அரே முகம் சுளிக்காமல், சிஎஃப்டைம் என்ற துணை நூலகத்தை வைத்துக்கொண்டு, அதையும் ஒரு தேதியாகவே வாங்கிக்கொண்டது.

பெரிய கோப்புகள் விஷயத்தில், கணக்கைத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் டாஸ்க் என்ற நூலகம் துணைக்கு வருகிறது. கடந்தகால வானிலையை மறுபடி கணக்கிட்டுத் தரும் ஈரா5 மீள்பகுப்பாய்வில் ஒரு மட்டத்துக்கு 721க்கு 1440 புள்ளிகள். ஒரே ஒரு மாறியை மணிக்கு மணி ஓர் ஆண்டுக்கு விரித்தால் 36 ஜிபி. என் மடிக்கணினியின் நினைவகம் 16. எக்ஸ்அரே தலைப்பகுதியை மட்டும் படித்துக் கோப்பைத் திறந்துவிட்டு, தேவைப்படும்போது துண்டு துண்டாக எடுத்துக்கொள்கிறது. மணிக்கு ஒரு துண்டு என்று வெட்டி 40 ஆண்டுகளைக் கொடுத்தேன். மூன்றரை லட்சம் துண்டுகள்! வேலையைத் தொடங்காமல் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. துண்டுக்கு 100 எம்பி அளவில் வைத்த பிறகு ஓடியது.

எல்லாவற்றுக்கும் இதுதான் என்று சொல்லமாட்டேன். ஒரு கோப்பு, ஒரு சராசரி என்றால் சிடிஓ என்ற கட்டளைவரிக் கருவியில் ஒரே கட்டளையில் முடித்துவிடலாம். உலகச் சராசரி கேட்டால் சிடிஓ பரப்பளவுக்கு ஏற்ற எடையைத் தானே போட்டுக்கொள்ளும். 60 டிகிரி அட்சரேகையில் ஒரு கட்டம் நிலநடுக்கோட்டுக் கட்டத்தில் பாதிதான். எக்ஸ்அரேயிடம் அதை நாம் சொல்ல வேண்டும். சொல்ல மறந்த அன்று துருவங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் பூமி பல டிகிரி குளிர்ந்து கிடந்தது.

சரி, அந்தக் கதை. 0.1 டிகிரி உலகக் கட்டத்தில் இரண்டு கோப்புகள். இரண்டிலும் 1801 வரிசை, 3600 நெடுவரிசை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். வரைபடம் அழகாக வந்தது. கண்டங்கள், மலைகள், பாலைவனங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. விடையை வேறு கணினிக்கு நகலெடுக்கும்போதுதான் கணக்கு உதைத்தது: 26 எம்பி இருக்க வேண்டிய கோப்பு 1 எம்பிதான் இருந்தது.

இரண்டையும் தயாரித்தவன் நானே. ஒன்றில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை 32 பிட்டிலும் மற்றொன்றில் 64 பிட்டிலும் எழுதி வைத்திருந்தேன். இரும எண்ணில் 0.1 சரியாக அடங்காது. ஆகவே ஒரு கோப்பில் 12.1 என்பது மற்றதில் 12.1000004. எக்ஸ்அரே கழிப்பதற்கு முன் இரு பக்கத்து ஆயங்களையும், அதாவது அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும், ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளும். 12.0, 12.5 போன்றவை மட்டுமே அட்சரம் பிசகாமல் பொருந்தின. ஐந்து வரிசைக்கு ஒன்று, ஐந்து நெடுவரிசைக்கு ஒன்று: 361க்கு 720. அரை டிகிரி கட்டத்தின் அளவு இதேதான்! அதனால்தான் வரைபடத்தில் ஒரு பொத்தல் கூடத் தெரியவில்லை. 25 புள்ளிகளில் 24ஐத் தூக்கி எறிந்துவிட்டு ஓர் எச்சரிக்கை கூட இல்லை. அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக அடுக்கியிருக்கும் கோப்பில் ‘10 முதல் 20 வரை’ என்று கேட்டாலும் இப்படித்தான்; காலிப் பெட்டியைப் பவ்வியமாக நீட்டும்.

ஆவணத்தைப் புரட்டியபோது மருந்தும் அங்கேயே இருந்தது. ஆயங்கள் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடு என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. நிரலின் தலையில் ஒரு வரி. இயல்பிலேயே அப்படி வைத்திருக்க வேண்டும் என்பேன். அந்த வரியைப் போட்டு, முந்தைய ஆண்டு எழுதிய பதினொரு நிரல்களையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நிரல்கள் முதல் கழித்தலிலேயே நின்றுவிட்டன.