ஆட்டோசால்: ட்யூப் செய்வது கடைசி வேலை மட்டும்

ஆட்டோசால் மெட்டல் பாலிஷ் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பளபளப்பே அந்த ட்யூபுக்குள்தான் இருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள்.

என் பழைய மாருதி ஜென்னுக்கு கோவை உக்கடத்தில் 13 இன்ச் அலாய் வீல் நாலு கிடைத்தது. நெளிசல், விரிசல் எதுவும் இல்லை. ஆனால் யாரோ சில்வர் பெயின்டை ஸ்ப்ரே டப்பாவில் அப்பியிருந்தார்கள். அதற்கு அடியில் கம்பெனி பெயின்ட், அதற்கும் அடியில் பிரைமர். அத்தனையையும் உரித்து வெறும் அலுமினியத்தைப் பளபளக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

உரிக்க பெயின்ட் ரிமூவர்தான். ஜெல்லாக இருப்பதை வாங்குங்கள், தண்ணியாக இருந்தால் ஸ்போக் மேல் நிற்காமல் வழிந்துவிடும். தடிப்பாகப் பூசி, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் மேல் பூச்சு சுருங்கிப் பொங்கி வரும். பிரைமர்தான் அடம் பிடிக்கும், மறுபடி பூச வேண்டியிருக்கும். ரிமூவர் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு என்ற, ஆவியை மூச்சில் இழுத்தால் ஆபத்தான ரசாயனம் இருக்கிறது. அமெரிக்காவில் 2019இல் பொதுமக்களுக்கு விற்கவே தடை போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள், மூடிய ஷெட் வேண்டாம். மெல்லிய ரப்பர் கையுறை அதற்குத் தாங்காது. செலவு குறையும் என்று காஸ்டிக் சோடா பக்கம் போய்விடாதீர்கள். அது பெயின்டோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும்.

பெயின்ட் போனதும் தெரிவது சாம்பல் நிற, மங்கலான உலோகம். இங்கேதான் பலரும் நேராக ட்யூபைத் திறக்கிறார்கள். பிளாட்பாரத்தில் உரசிய கோடுகளை எந்தப் பேஸ்ட்டும் அழிக்காது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர்தான் அழிக்கும், நம்பர் ஏற ஏற நைசாகும்: ஆழமான கோட்டுக்கு 240, அப்புறம் 400, 600, 1000, கடைசியில் 2000. சோப்புத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் குறுக்காகத் திசை மாற்றித் தேய்த்தால் முந்தின நம்பரின் கோடு மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அவசரப்பட்டு 400-லிருந்து 2000-க்குத் தாவினால், கண்ணாடி மாதிரி மின்னும் வீலில் வெயில் பட்டதும் பழைய கீறல் எல்லாம் வரிசையாக எழுந்து நிற்கும்.

நடுவில், மெஷினில் கொடுத்தால் சீக்கிரம் முடியுமா என்று கணபதியில் ஒரு பஃபிங் பட்டறையில், அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் போடும் இடத்தில், விசாரித்தேன். "அலுமினியம் இளகின மாலுங்க, பஃப்ல போட்டு அழுத்துனா சூடேறி இழுத்துக்கும். பரந்த எடத்தை நாங்க போட்டுத் தர்றோம், ஸ்போக் சந்துக்கெல்லாம் உங்க கைதானுங்க" என்றார் பட்டறைக்காரர். நேர்மையான பதில். எல்லாவற்றையும் கையிலேயே முடித்தேன்.

2000 முடிந்த பிறகு வருகிறது ஆட்டோசால். ஜெர்மனிச் சரக்கு, பற்பசை மாதிரி கெட்டியான பேஸ்ட், மண்ணெண்ணெய் ஜாடையில் ஒரு வாடை. பழைய பனியன் துணியில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேய்க்க வேண்டும். துணி உடனே கறுத்துவிடும். அழுக்கு என்று பயப்பட வேண்டாம், உரசி வரும் அலுமினியமும் அதன் ஆக்ஸைடும்தான். கறுப்பு காய்வதற்குள் சுத்தமான துணியால் துடைத்தால், வீலில் தெரியும் பிம்பத்தில் உங்கள் சட்டைப் பட்டனை எண்ணலாம். இந்த ஒரு வேலையில் இதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சிக்கனமும்கூட, நாலு வீலுக்கும் பூசி ட்யூபில் மிச்சம் இருக்கிறது.

குறை பொருளில் இல்லை, வெறும் அலுமினியத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீரும் பிரேக் தூசும் பட்டால் மங்கும். மேலே வேக்ஸ் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆசிட் கலந்த வீல் கிளீனர் பட்டால் கறை விழும். மாதம் ஒரு ஞாயிறு துணியோடு உட்காரச் சோம்பல் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள், பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு இருக்கிற புது வீலிலும், முகப்பை மெஷினில் சீவிப் பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீலிலும் இந்தப் பேஸ்ட்டைத் தொடவே கூடாது. அங்கே நீங்கள் தேய்ப்பது உலோகத்தை அல்ல, மேலே இருக்கும் அந்த நிறமில்லாத பூச்சை. அது வெளுத்துப்போனால் மறுபடி ரிமூவர் டப்பாவைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.