நீட்டுக்கு ஒரு "இங்கி பிங்கி பாங்கி" வகுப்பு: 2,400 ரூபாய்க்குத் தேறுமா?

அக்கா மகள் இரண்டாவது தடவையாக நீட் எழுதப் போகிறாள். "தெரியாத கேள்விக்கும் மார்க்" என்று போட்ட ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து, "மாமா, இதுக்கு மட்டும் கட்டிடுங்களேன், அம்மா திட்டுவாங்க" என்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து நாலு வரை, 60 பக்கத்தில் ஒரு புத்தகம், மூன்று மாக் டெஸ்ட், மொத்தம் 2,400 ரூபாய். சாப்பாடு நம் செலவு. திருச்சியில் நடந்தது, பெயர் வேண்டாம். பெற்றோரும் உட்காரலாம் என்றார்கள், நானும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

முதல் மணி நேரம் நன்றாகவே போனது. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, நாலு ஆப்ஷன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் நாலில் ஒன்று விழும், மூன்று போகும், ஆக நாலு கேள்விக்கு ஒரு மார்க் மிச்சம், அதாவது கேள்விக்குக் கால் மார்க். ஒரு ஆப்ஷனை உறுதியாகக் கழித்துவிட்டால் அது முக்கால் மார்க்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும், இரண்டைக் கழித்தால் ஒன்றரை. இதைப் போர்டில் போட்டுக் காட்டியதும் பாதிப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மைனஸ் மார்க் என்றாலே தொடக்கூடாது என்று பள்ளியில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் போல. 2025இல், சிலதை நாமே பார்த்து விட்டுவிடலாம் என்று முன்பு இருந்த ஆப்ஷனல் கேள்விகளையும் எடுத்துவிட்டு 180 கேள்வி, 180 நிமிஷம், எல்லாமே கட்டாயம் என்று ஆக்கிவிட்டதால், பிடிக்காத கேள்வியைச் சும்மா தாண்டிப் போகிற சௌகரியமும் போய்விட்டது. அதனால் இந்தக் கணக்கு தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த சார் பாதிக் கணக்கைத்தான் சொன்னார். 20 கேள்வியைக் குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரியாக 5 மார்க் லாபம் என்றார், சரிதான், ஆனால் சராசரி யாருக்கு வேண்டும், எங்கள் வீட்டில் எழுதப் போவது ஒருத்தி, அவளும் ஒரே தடவைதான் எழுதுவாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். 100 பேர் அப்படி அடித்தால் ஏறத்தாழ 22 பேருக்குக் கையில் இருக்கிற மார்க்கும் குறையும், 19 பேருக்கு ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது. மீதிப் பேருக்குத்தான் லாபம். லாபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் "பயப்படாம அடிங்க" என்று சொல்கிறவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அப்புறம் அந்தப் புத்தகம். அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று யோசிக்கிறேன், அட்டை கெட்டியாக இருக்கிறது. "சந்தேகம் என்றால் சி போடு" என்கிறது. நீட்டில் ஏ, பி, சி, டி ஏது, 1, 2, 3, 4 அல்லவா? இன்னொரு பக்கத்தில் "தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது" என்றே அச்சாகியிருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு எழுதும் எம்கேட்டில்தான் மைனஸ் கிடையாது, ஆப்ஷனும் ஏ முதல் டி வரை. அங்கே உள்ள ஏதோ கைடைப் பார்த்து மொழிபெயர்த்து விட்டார்கள் என்று நினைக்கிறேன். "எல்லாம், மட்டும், எப்போதும் என்று வந்தால் அந்த வாக்கியம் தப்பு" என்று ஒரு சூத்திரம் வேறு. மத்திய அரசின் என்சிஇஆர்டி பதினோராம் வகுப்பு பயாலஜிப் புத்தகத்திலேயே முதுகெலும்பிகள் எல்லாமே முதுகுநாணிகள் என்று இருக்கிறது, அதைத் தப்பென்று அடித்தால் 4 போய், மேலே 1 போகும்.

பிசிக்ஸ் பகுதி மட்டும் உருப்படி. பாடம் நடத்தாமல் ஆப்ஷனைக் கழிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கப்பியின் இரண்டு பக்கமும் எடை தொங்குகிறது, முடுக்கம் என்ன என்று கேட்டால், இரண்டு எடையும் சமம் என்று வைத்துப் பார், முடுக்கம் பூஜ்யமாக வேண்டும், ஆகாததைக் கழித்துவிடு. ஊசலின் அலைவு நேரம் என்றால் விடை விநாடியில் வர வேண்டும், நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால்தான் வரும், தலைகீழாக இருப்பது கழிந்தது. பொருத்துக கேள்வியில் யானைக்கால் நோய்க்கு உச்சரேரியா புழு என்ற ஒரு ஜோடி தெரிந்தாலே சில சமயம் இரண்டு ஆப்ஷன் கழன்றுவிடும். இதெல்லாம் குருட்டு யூகமே இல்லை, அரைகுறையாகத் தெரிந்ததைக் காசாக்குவது.

காசுக்குத் தேறியது என்று நான் சொல்வது இரண்டாவது ஞாயிறு மதியம் நடந்த ஒன்றரை மணி நேரம். மாக் டெஸ்டில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு குறி போடச் சொன்னார்கள்: உறுதி என்றால் டிக், இரண்டில் ஒன்று என்றால் அரை, ஒன்றுமே தெரியாது என்றால் கேள்விக்குறி. திருத்தும்போது அந்த மூன்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும். எங்கள் பெண் பிசிக்ஸிலும் பயாலஜியிலும் சேர்த்து 32 கேள்விக்கு அரை போட்டிருந்தாள். இரண்டில் ஒன்று என்றால் 16 சரியாக வந்து 48 மார்க் ஏற வேண்டும். வந்தது 11, ஏறியது 23. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. பிசிக்ஸில் 14க்கு 8 சரி. பயாலஜியில் 18க்கு 3! கண்ணை மூடி இங்கி பிங்கி பாங்கி போட்டிருந்தாலே நாலைந்து விழுந்திருக்கும். ஐந்தில் ஒன்றாவது சரியானால்தான் முதலுக்கு மோசமில்லை, இவளுக்கு ஆறில் ஒன்று. ஏனென்றால் பயாலஜியில் அவள் தடுமாறுகிற இடமெல்லாம் கேள்வி எடுப்பவர் வேண்டுமென்றே வைத்த பொறி, எங்கேயோ படித்த மாதிரி இருக்கிற ஆப்ஷன் இவளை இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்த இரண்டு மாக் டெஸ்டிலும் கதை பெரிதாக மாறவில்லை.

தமிழ் வழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தையும் வகுப்பில் சொல்லவில்லை, அது எனக்குப் பெரிய குறை. வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும், குழப்பம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொல்லி, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது நினைவிருக்கும். அதனால் தமிழில் கேள்வி புரியவில்லை என்றால், யூகம் அடிப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கிற ஆங்கிலத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பேனாவால் ஷேட் பண்ணிவிட்டால் அழிக்க முடியாது.

என் கணக்கில் 2,400க்கு 700 ரூபாய் சரக்கு இருந்தது. பிசிக்ஸில் தடுமாறுகிற பிள்ளை, கையில் காசும் இருக்கிறது என்றால் போகலாம். மற்றவர்கள் பழைய நீட் வினாத்தாளை எடுத்து, அந்த மூன்று குறியைப் போட்டு வீட்டிலேயே எண்ணிக்கொள்ளலாம், நான்கைந்து தாளாவது செய்தால்தான் நம்பலாம். எங்கள் பெண் இப்போது பிசிக்ஸில் அரையை அடிக்கிறாள், பயாலஜியில் அரை வந்தால் விட்டுவிட்டுக் கடைசியில் திரும்பி வருகிறாள். "கெமிஸ்ட்ரிக்கு என்ன மாமா?" என்று நேற்றுக் கேட்டாள். அதற்கு இன்னும் எண்ணவில்லை, இந்த ஞாயிறு உட்கார வேண்டும்.